ஆறு தட்டு டீஹைட்ரேட்டர்: ஃபேனை நம்பலாம், டைமரை நம்ப வேண்டாம்

வீட்டில் பழமும் காயும் உலர்த்த மின் உலர்த்தி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை தட்டு, எத்தனை வாட். என்னிடம் உள்ள பெட்டிக்கு ஆறு எஃகுத் தட்டு, 500 வாட் ஹீட்டர், பின்சுவரில் ஃபேன், முன்னால் கண்ணாடிக் கதவு. வெப்பத்தை 35 டிகிரி செல்சியஸிலிருந்து 75 வரை வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேர டைமர் உண்டு. இத்தனையிலும் உண்மையாக வேலை செய்வது அந்தப் பின்சுவர் ஃபேன்தான். வாங்கச் சொல்வேனா என்று கேட்டால், தாராளமாகச் சொல்வேன். ஆனால் டைமரையும் கூடவே வரும் கையேட்டையும் நம்பி வாங்காதீர்கள்.

இதற்கு முன்னால் வைத்திருந்தது வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வகை. அதில் ஹீட்டரும் ஃபேனும் அடியில் இருக்கும். சூடான காற்று அடித்தட்டில் பட்டு, அங்கே ஈரத்தை வாங்கிக்கொண்டு, அந்த ஈரத்தோடுதான் அடுத்த தட்டுக்கு ஏறும். மேலே போகப் போகக் காற்று ஆறியும் போயிருக்கும், ஈரமும் ஏறியிருக்கும். அடித்தட்டில் ஆப்பிள் முறுகி நிற்கும் நேரத்தில் மேல்தட்டில் அதே ஆப்பிள் தொட்டால் கையில் ஒட்டும். இரண்டு மணிக்கொரு தரம் தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். மூலிகை இலைக்கும், கையளவு பழத்துக்கும் அது போதும். நிறையப் போடுகிறவர்களை அது உட்கார விடாது.

பின்பக்க ஃபேன் உள்ள பெட்டியில் காற்று ஒவ்வொரு தட்டுக்கும் மேலும் கீழுமாகக் கிடையாக ஓடி, கதவுப் பக்கம் வெளியேறுகிறது. ஒரு தட்டின் ஈரம் அடுத்த தட்டின் தலையில் போய் இறங்குவது மிகவும் குறைவு. இதைச் சோதித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று, ஒரே வகை ஆப்பிளை ஆறு மில்லிமீட்டர் கனத்தில் சீவி, தட்டுக்கு 200 கிராம் வீதம் பரப்பி, 57 டிகிரியில் நாலு மணி நேரம் விட்டு, தட்டுத் தட்டாக நிறுத்துப் பார்த்தேன். நடுவில் உள்ள நாலு தட்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. மேல்தட்டு கொஞ்சம் இலேசு, அடித்தட்டு கொஞ்சம் கனம். ஒரே தட்டுக்குள் பார்த்தால், ஃபேனை ஒட்டிய வரிசை கதவை ஒட்டிய வரிசையை முந்திக் காய்ந்திருந்தது. ஆக, இதிலும் நமக்கு ஒரு வேலை உண்டு. பாதி நேரம் போனதும் தட்டை உருவி, முன்பக்கம் பின்பக்கம் மாற்றி உள்ளே தள்ள வேண்டும். ஒரே தடவைதான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெப்பம் சரியாக நிற்கிறதா என்று தனியாக ஒரு தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தேன். 57 என்று வைத்தால் நடுத்தட்டில் 55-க்கும் 59-க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. வீட்டு உபயோகத்துக்கு இது நல்ல தரம். பழத்துக்கு 57 முதல் 60 டிகிரி என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பாதுகாப்புக்கான அமெரிக்க தேசிய மையம் 60 டிகிரியை உகந்ததாகச் சொல்கிறது. மென்மையான மூலிகைகளுக்கு 35 டிகிரி சுற்றுவட்டாரம் போதும். வெப்பம் ரொம்ப ஏறினால் மணம் தரும் எண்ணெய்கள் காற்றோடு போய்விடும்.

கையேட்டில் எனக்குப் பிடிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. ‘வேக உலர்த்தல்’ என்று பெயர் வைத்து, எல்லாப் பழத்தையும் 75 டிகிரியில் போட்டுப் பாதி நேரத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். இது தவறான யோசனை. உலர்வது என்றால் உள்ளே இருக்கும் நீர் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து, அங்கிருந்து காற்றில் கலப்பது. வெப்பம் அதிகமானால் மேற்பரப்பின் நீர் உள்ளிருந்து வரும் நீரைவிட வேகமாகப் போய்விடும். மேல்பக்கம் இறுகித் தோலாகிவிடும். அதற்குப் பிறகு உள்நீர் வெளியே வர வழியில்லை. அந்த முறையில் எடுத்த பீச் துண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஓரம் பழுப்பேறிப் படக்கென்று உடைந்தது. நடுவிலே வெளிறிய ஒரு கோடு, ஈரம் மினுங்க. கட்டைவிரலால் அழுத்தினால் அந்தக் கோட்டில் பொடிப்பொடியாக நீர் முத்து கட்டியது. வெளியே தொட்டுப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் காய்ந்துவிட்டது என்றுதான் சொல்வார். அப்படியே ஜாடியில் போட்டு மூடினால் உள்ளிருந்து பூஞ்சை பிடிக்கும். பொறுமை இல்லாதவர்களுக்காக ஒரு பட்டனை வைத்து, பழத்தைக் கெடுக்கும் வழியை அச்சடித்தும் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை அந்த நிறுவனம் எடுத்துவிட வேண்டும்.

டைமர் மேல் எனக்கு உள்ள குறையும் இதைச் சேர்ந்ததுதான். ஆப்பிள் எட்டு மணி நேரம், வாழை பத்து மணி நேரம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். பழம் எவ்வளவு பழுத்தது, சீவிய கனம், தட்டில் எவ்வளவு நெருக்கிப் பரப்பினோம், அன்றைக்கு அறைக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று எல்லாமே நேரத்தை மாற்றும். மழை நாளில் அதே ஆப்பிள் பல மணி நேரம் கூடுதலாக இழுக்கும். ஏனென்றால் ஏற்கெனவே ஈரமான காற்றைத்தான் பெட்டி உள்ளே இழுத்துச் சூடேற்றுகிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கி, டைமர் நடு இரவில் நின்று, காலை வரை மூடிய பெட்டிக்குள் கிடந்தால் காய்ந்த துண்டு மறுபடி ஈரம் வாங்கித் துவண்டுவிடும். நேரம் முடிந்ததும் வெப்பத்தை மட்டும் குறைத்து, ஃபேனை ஓடவிடும் வசதி இருந்திருந்தால் இந்தப் பெட்டி இன்னும் பல மடங்கு உருப்படியாக இருந்திருக்கும்.

கடிகாரத்துக்குப் பதிலாகச் சமையலறைத் தராசை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு சுலபம். தோல், விதை நீக்கிய ஆப்பிளில் ஏறக்குறைய 86 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோவில் திடப்பொருள் 140 கிராம். உலர்ந்த பழத்தில் 20 சதவீதம் ஈரம் மிஞ்சலாம் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஒரு கிலோ ஆப்பிள் 175 கிராமுக்கு வந்து நிற்க வேண்டும். தக்காளியில் தண்ணீர் 94, 95 சதவீதம். ஒரு கிலோ தக்காளி 60, 65 கிராமாகச் சுருங்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பெட்டி நிறையப் போட்டது ஒரு கைப்பிடியாக வரும்போது மனம் சோராது. காய்களை இன்னும் வறட்சியாக, 10 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் இருப்பதால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாங்கும். காய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழம் வளைய வேண்டும், காய் முறிய வேண்டும்.

தராசு சொல்லாததைக் கைதான் சொல்லும். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு, இரண்டாக மடித்து, மடித்த இடத்தை அழுத்துவார். “சூட்டோட தொட்டுப் பார்க்காதடி, சூட்டுல எல்லாமே மெத்துனுதான் இருக்கும். ஆறட்டும்” என்பார். அது முழுக்கச் சரி. மடித்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது, வெட்டினால் ஈரம் கசியக் கூடாது. இதற்கு இந்தப் பெட்டி மிகவும் தோதானது. ஒரு தட்டை மட்டும் உருவிப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளலாம். அடுக்குத் தட்டு வகையில் கீழே இருக்கும் ஒரு துண்டைப் பார்க்க மேலே இருக்கும் அத்தனையையும் தூக்கி வைக்க வேண்டும்.

எடுத்த உடனே மூட்டை கட்டிவிடக் கூடாது. பழத்துண்டுகளை நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் தளர்வாகப் போட்டு மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் குலுக்கி வைக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் கூடுதலாக உள்ள துண்டிலிருந்து வறண்ட துண்டுக்கு ஈரம் பரவி எல்லாம் சமமாகும். ஜாடியின் உட்சுவரில் ஆவி படிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தட்டில் போடுங்கள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தட்டைக் கழுவுவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியவர்கள் இதை விட்டது எனக்குப் புரியவே இல்லை.

இனிப் பழங்கள். ஆப்பிள் இந்தப் பெட்டியின் பலத்தை நன்றாகக் காட்டுகிறது. சரிபாதி எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் கலந்ததில் பத்து நிமிடம் முக்கி எடுத்தால் நிறம் கறுக்காது. அஸ்கார்பிக் அமிலப் பொடி, அதாவது வைட்டமின் சி, கரைத்த தண்ணீர் இன்னும் நன்றாக நிறத்தைக் காக்கும், புளிப்பும் ஏறாது. சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் உப்பைப் போட்டால் நிறம் அப்படியே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஆகாது. அதனால் எங்கள் வீட்டுக்குள் அதை விடுவதில்லை. வாழைப்பழம் காய்ந்தால் தோல் போல வளையும், மொறுமொறுப்பாகாது. கடையில் மொறுமொறுவென்று கிடைக்கும் இனிப்பு வாழை வறுவல் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்தது. அதை எதிர்பார்த்து இந்தப் பெட்டியை வாங்கிவிட்டு ஏமாந்துபோகாதீர்கள். இதில் வருவது வேறு பண்டம். கடிக்கக் கடிக்கத் தேன்போல இனிக்கும்.

திராட்சையும் நீலபெர்ரியும் முழுசாகப் போட்டால் லேசில் காயாது. அவற்றின் தோல்மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் எடுத்தால் தோலில் பொடி விரிசல் விழும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். அப்படிச் செய்தாலும் முழுத் திராட்சைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அவசரமென்றால் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க வையுங்கள்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது பழக்கூழைத் தகடாகக் காய வைப்பதுதான். நன்றாகப் பழுத்து, வெட்டி வைக்கவே முடியாமல் குழைந்துபோன மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் இதற்கு ஏற்றவை. மிக்ஸியில் அடித்து, கூடவே வந்த சிலிகான் விரிப்பில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, ஓரத்தை மட்டும் ஒரு இழை கூடுதல் கனமாக விட வேண்டும். ஓரம்தான் முதலில் காயும், கனம் இல்லாவிட்டால் உடைந்து உதிரும். 60 டிகிரி. முதல் சில மணி நேரம் பளபளவென்று ஈரமாக நிற்கும். பிறகு பளபளப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டே வரும். நடுவில் கையகலப் பளபளப்பு மிச்சம் இருக்கும்போது எடுக்கக் கூடாது, அங்கே விரல் வைத்தால் தடம் விழும். தடம் விழாத நேரத்தில் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தால், சர்ரென்று ஒரே உரிப்பில் முழுத் தகடும் கையில் வருகிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமல் இத்தனை இனிப்பா என்று சாப்பிட்டவர்கள் கேட்கிறார்கள். பழத்தில் இருந்ததுதான், தண்ணீர் போனதும் திரண்டு நிற்கிறது. அதனால்தான் அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும். பத்து ஆப்பிள் துண்டு என்பது ஒரு முழு ஆப்பிளாக இருக்கக்கூடும்.

சத்து பற்றிக் கேட்பவர்களுக்கு: நாரும் தாதுக்களும் அப்படியே தங்குகின்றன. வைட்டமின் சி வெப்பத்திலும் காற்றிலும் கணிசமாகக் குறைகிறது. புதிய பழத்துக்கு இது மாற்று இல்லை, மிஞ்சிய பழத்துக்கு நல்ல வழி.

காய்களில் காரட், பீன்ஸ் போன்றவற்றைக் கொதிநீரிலோ ஆவியிலோ சில நிமிடம் வாட்டிவிட்டுத்தான் தட்டில் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நொதிகள் காய்ந்த பிறகும் வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். காளான், வெங்காயம், தக்காளிக்கு இது வேண்டாம். வெங்காயத்தைப் பழத்தோடு ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒரே காற்றுதான் பெட்டி முழுக்கச் சுற்றுகிறது. காய்ந்த தக்காளியை எண்ணெயில் போட்டு வைக்க ஆசைப்பட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூண்டோ பச்சை மூலிகையோ சேர்த்த எண்ணெயை வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்குள், பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

இறைச்சிக்கும் இந்தப் பெட்டி என்று விளம்பரத்தில் படம் போட்டிருக்கிறார்கள். நான் அதற்குப் பயன்படுத்துவதில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காயத் தொடங்கிய இறைச்சியில் கிருமிகள் வெப்பத்தை அதிகம் தாங்கப் பழகிவிடும். அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, மாட்டிறைச்சி போன்றவற்றை உலர்த்துவதற்கு முன்பே உள்வெப்பம் 71 டிகிரி, கோழியென்றால் 74 டிகிரி வரும்வரை சூடுபடுத்தச் சொல்கிறது. பெட்டி 75 காட்டுகிறதே என்று நினைக்க வேண்டாம். அது காற்றின் வெப்பம். ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை இறைச்சி அந்தச் சூட்டை எட்டாது. அவகாடோ போலக் கொழுப்பு நிறைந்தவையும் வேண்டாம், கொழுப்பு காயாது, காறல் வாடைதான் அடிக்கும்.

கரண்ட் செலவு பலரும் கேட்பது. இரண்டு கிலோ ஆப்பிள் போட்டால் வெளியேற்ற வேண்டிய நீர் சுமார் 1.6 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 0.65 யூனிட் வேண்டும், அது இயற்பியல், இதுபோல ஹீட்டரால் சூடேற்றும் பெட்டி அதற்குக் கீழே போவது கடினம். அப்படிப் பார்த்தால் குறைந்தபட்சமே ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தபோது மூன்று யூனிட் வந்தது. மிச்சம் சூடான காற்றாக வெளியே போவது. சமையல் ஓவனைக் கதவு திறந்து வைத்து உலர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். அதே மூன்று யூனிட் ஒரு தட்டுக்கு மட்டும் செலவாகாது என்றாலும், கால் பெட்டி போட்டு ஓட்டுவது வீண். தட்டுகள் நிறையும்வரை சேர்த்து வைத்துப் போடுங்கள்.

சத்தம், ஓடும் மேசை ஃபேன் அளவுக்கு இருக்கும். படுக்கையறைப் பக்கம் வைக்க முடியாது. எஃகுத் தட்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டால் ஒட்டியது கிளம்பிவிடும். ஓரத்தின் மடிப்பில் மட்டும் பழைய டூத் பிரஷ் போட வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவு பார்க்க வசதிதான், ஆனால் வெளிச்சம் பட்டால் நிறமும் வைட்டமின் ஏ-யும் குறையும். அதனால் ஜன்னல் வெயில் விழாத மூலையில் பெட்டியை வையுங்கள். காய்ந்த பண்டத்துக்கும் அதே விதி: இருட்டு, குளுமை, காற்றுப்புகாத மூடி. 15 டிகிரி குளிரில் ஒரு வருடம் நிற்கும் பழம் 27 டிகிரியில் ஆறு மாதம்தான் நிற்கும். காய்களுக்கு அதில் பாதிதான்.

பெரிய மனவருத்தம் ஒன்று உண்டு. ஃபேன் ஒரு கட்டத்தில் உராய்வுச் சத்தம் போட ஆரம்பித்தது. சர்வீஸுக்கு அழைத்தால், “ஃபேன் தனியா வராதுங்க மேடம், பின்பேனல் மொத்தமா மாத்தணும்” என்றார்கள். ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருக்கும்போது, கையளவு ஃபேனுக்காகப் பின்பக்கம் முழுவதையும் தூக்கிப்போடச் சொல்வது அநியாயம். இந்தக் கருவியில் நிற்காமல் ஓடுவது அது ஒன்றுதான், முதலில் தேய்வதும் அதுதான். கடைசியில் மின்சாதனம் பழுது பார்க்கும் ஒருவர் அதே அளவில் வேறு ஃபேன் பொருத்திக் கொடுத்தார், இன்றுவரை உராய்வுச் சத்தமில்லாமல் ஓடுகிறது. எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும், உதிரி ஃபேன் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பதிலை வாய்ப்பேச்சில் விடாமல் மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பணத்தைக் கட்டுங்கள்.